பவர்லைன் அடாப்டர்: மூன்று பேருக்கு வேகத்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் பிளாண்ட். ஆபீஸ், எடை மேடை, கம்ப்ரசர் ரூம் மூன்றிலும் ஹோம்பிளக் ஏவி அடாப்டர் (கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் வகை). தனியாகச் சோதித்தால் 80, 80, 8 எம்பிபிஎஸ். ரூட்டரில் சம வேகம் வைத்தால் ஆளுக்கு 7கூட வரவில்லை. ஏன்?

பதில் 1: கணக்கு சரிதான் சார். மூன்றும் ஒரே லைனில் மாறி மாறித்தான் அனுப்ப முடியும்; மெதுவான அடாப்டர் அதே டேட்டாவுக்கு அதிக நேரம் எடுக்கும். ஆளுக்கு 6.7 எம்பிபிஎஸ் என்றால் கம்ப்ரசர் ரூம் மட்டும் லைன் நேரத்தில் 83 சதவீதம் தின்கிறது. மொத்தம் வெறும் 20. வேகத்தை விட்டுவிட்டு நேரத்தைச் சமமாகப் பிரியுங்கள்: 26.7, 26.7, 2.7, மொத்தம் 56. ரூட்டரில் உச்சவரம்பை 25, 25, 2.5 என்று வையுங்கள். அந்த ரூமில் டெம்பரேச்சர் ரீடிங்தானே, அதற்கு இது தாராளம். கேமரா என்றால் போதாது.

பதில் 2: பிரிப்பதற்கு முன்னால் அந்த 8ஐ ஏற்றப் பாருங்கள். அடாப்டரை ஸ்பைக் பஸ்டரில் செருகக் கூடாது, சிக்னலை அது விழுங்கும். நேராகச் சுவர் சாக்கெட்டில். அடாப்டர் எல்லாம் ஒரே பேஸில் இருக்கிறதா? கம்ப்ரசருக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் அதன் மின் இரைச்சலைத் தடுக்க இஎம்ஐ ஃபில்டர் அவசியம். உப்புக் காற்றில் சாக்கெட் பின் பச்சை பூத்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

பதில் 3: முன்னுரிமையிலும் கவனம். எல்லாவற்றையும் சிஏ3 (ஹோம்பிளக்கில் உச்ச முன்னுரிமை) ஆக்கினால் அது முன்னுரிமையே இல்லை. ஒன்றை மட்டும் ஆக்கி அதில் வீடியோ ஓடினால், மற்றவை பட்டினி.