புதுப்பிப்பு: கொருக்குப்பேட்டை வடிகால் கணக்கு, அளவுப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலைப் பாதியோடு நிறுத்திவிட்டு முழுசாக முடித்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள், பசங்க ஏழு பேர் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "காரணம் கேட்காதீங்க, அளவுப் புத்தக நகலைக் கேளுங்க" என்ற யோசனைதான். எவ்வளவு வேலை முடிந்தது என்று அளந்து எழுதி வைக்கும் அரசுப் பதிவேடுதான் அளவுப் புத்தகம். முதல் மனுவில் ஏன், எதற்கு என்று இரண்டு பக்கம் எழுதி, அது அப்படியே திரும்பி வந்தது. அடுத்தது மூன்றே வரி: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1), 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. 30 நாள் சத்தமே இல்லை. பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு போட்டோம். அப்புறம்தான் நகலோடு கவர் வந்தது.

புத்தகத்தில் 140 மீட்டர். நாங்கள் டேப் பிடித்து அளந்தது 86. ரேஷன் கடை முனையில் கான்கிரீட் நின்றுவிடுகிறது. துருப்பிடித்த கம்பிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கின்றன.

எதிர்பாராதது ஒன்று. பணியை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது. அதைக் கேட்டோம். பார்வையிடும் நாளுக்கு முந்தின நாளே ஜேசிபி வந்துவிட்டது! மீதியை இப்போது கட்டுகிறார்கள். சரி, ஏற்கெனவே எடுத்த பணம்? லஞ்ச ஒழிப்புத் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகை மட்டும் வந்திருக்கிறது.