கிராவல் சைக்கிள்: முதலில் டயரா, ஹேண்டில்பாரா?

என் கிராவல் சைக்கிள் (தாரிலும் சரளையிலும் ஓட்டும் வகை) தார்ச்சாலையில் கனமாக உருள்கிறது. சரளையில் வேகமெடுத்தால் வளைவுகளில் முன்சக்கரம் நழுவுகிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. மூன்று மாதங்களாக இதே தொல்லை.

அலுமினியச் சட்டகம், 700சி அளவுச் சக்கரம், ரிம்மின் உள் அகலம் 23 மி.மீ. இரு சக்கரங்களிலும் 40 மி.மீ. முரட்டுப் பொத்தான்கள் கொண்ட ட்யூப்லெஸ் டயர். முன்பக்கம் 45 மி.மீ. வரை இடமுண்டு. ஹேண்டில்பார் 44 செ.மீ., கீழ்நோக்கி வளையும் பகுதி 16 டிகிரி வெளிப்பக்கம் விரிந்தது. ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) 100 மி.மீ. என் எடை 76 கிலோ. ஓட்டும் பாதையில் பாதி தார், மீதி இறுகிய சரளை, திருப்பங்களில் உதிரிக்கல்.

காற்றை 45 பி.எஸ்.ஐ.யிலிருந்து 32-க்குக் குறைத்தேன். முன்பிடிப்பு தேறியது, ஆனால் பின் ரிம் கல்லில் இடிக்கிறது. பின்னால் மட்டும் நடுப்பகுதி வழவழப்பான டயரை இரவல் வாங்கிப் பார்த்தேன்: தார்ச்சாலையில் வேகம் தெளிவாகக் கூடியது, நழுவல் அப்படியே இருந்தது. ஹேண்டில்பாரில் தடித்த டேப் சுற்றி, பிரேக் பிடிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பியதில் மரத்துப்போவது தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. உள்ளங்கை ஓரத்தில் நரம்பு அழுந்துவதாகத் தெரிகிறது. இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. 80 மி.மீ. ஸ்டெம்மில் கைப்பாரம் குறைந்தது, ஆனால் உதிரிக்கல்லில் திசை அலைபாய்ந்தது.

அடுத்த மாதம் 120 கி.மீ. சரளைப் பயணம் இருக்கிறது. அதற்குள் ஒரு மாற்றத்துக்குத்தான் பழக முடியும். முன்னால் 45 மி.மீ. டயர் போடுவதா, அல்லது உயரம் கூடிய, பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாருக்கு மாறுவதா?