சூடானதும் மேடு ஏற மறுக்கும் ரைடிங் மோவர்

சரிவுத்தோட்டம்:
வணக்கம். வட கரோலினாவுல முக்கால் ஏக்கர் புல்வெளி, பின்பக்கம் நல்ல சரிவு. உட்கார்ந்து ஓட்டற புல்வெட்டி (ரைடிங் மோவர்), 42 அங்குல டெக் (பிளேடு இருக்கற கூடு), ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் (எண்ணெய் அழுத்தத்துல சக்கரத்தைச் சுத்தறது), மீட்டர்ல 380 மணி நேரம். முதல் 25 நிமிஷம் மேட்டுல ஜோரா ஏறுது. அப்புறம் பெடலை முழுசா மிதிச்சாலும் தவழுது, சில இடத்துல நின்னே போகுது. சமதளத்துல ஓடுது. இன்ஜின் சத்தம் இறங்கலை, பிளேடும் சுத்துது. அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஏறுது. டிரைவ் பெல்ட் மாத்தினா போதுமா, இல்ல ஹைட்ரோவும் பின் அச்சும் சேர்ந்த டிரான்ஸ்ஆக்ஸிலே போச்சா?

ஸ்பேனர்செட்:
இன்ஜின் சத்தம் இறங்கலைன்னா பெட்ரோல், கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம். விசை பெல்ட்லயோ ஹைட்ரோவுக்குள்ளயோதான் நழுவுது.

பைசா செலவில்லாததுல ஆரம்பிங்க. வண்டியைத் தள்ளறதுக்குப் பின்னாடி ஒரு பைபாஸ் கம்பி இருக்கும். அது வளைஞ்சோ துருப்பிடிச்சோ முழுசா உள்ளே போகாம நின்னா, வால்வு வழியா எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா தப்பிக்கும். சமதளத்துல தெரியாது, மேட்டுல காட்டிக்கொடுக்கும். டிரான்ஸ்ஆக்ஸில்ல இருக்கற சின்ன லீவர் கடைசி வரைக்கும் திரும்புதான்னு குனிஞ்சு பாருங்க. வெளியில கம்பி உள்ளே போனமாதிரி இருக்கறதை நம்பாதீங்க.

அடுத்து பெல்ட். ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிட்டுத்தான் கையை விடணும். நல்ல பெல்ட்டோட மேல்பக்கம் புல்லி விளிம்புக்குச் சமமா நிக்கும். தேஞ்சது கீழே இறங்கிக் குழியோட அடியைத் தொடும். அப்போ பக்கவாட்டுப் பிடிப்பு போயிடும், குழியோட அடி கண்ணாடி மாதிரி பளபளக்கும். பெல்ட் மட்டும் மாத்திட்டு, அதை இறுக்கிப் பிடிக்கற ஐட்லர் புல்லியை விட்டுடறவங்க நிறைய. ஐட்லர் கையோட அச்சு துருவேறி இறுகிட்டா, ஸ்பிரிங் நல்லா இருந்தாலும் பெல்ட்டை இழுக்காது. கையால அசைச்சா தடங்கல் இல்லாம போய்த் திரும்பி வரணும்.

கடைசியா தள்ளிப் பார்க்கற சோதனை. நல்லா சூடாகி மேட்டுல திணறின உடனே சமதளத்துக்கு வந்து, இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை விட்டு, பைபாஸ் மூடின நிலையில தள்ளுங்க. கல்லு மாதிரி நிக்கணும், மிஞ்சினா ஆமை வேகத்துல நகரலாம். லேசா உருண்டா உள்ளே கசியுது.

பச்சைப்புல்:
ஸ்பேனர்செட் அண்ணா சொன்னதோட ஃபேனையும் பாருங்க. சீட்டுக்கு அடியில, டிரான்ஸ்ஆக்ஸில் புல்லிக்கு மேலேயே ஒரு பிளாஸ்டிக் ஃபேன் இருக்கும். இறகு உடைஞ்சா யாருக்கும் தெரியாது, சத்தமும் வராது. அலுமினிய உடம்புல சூட்டை வெளியேத்தற தகடுகள் (ஃபின்கள்) நடுவே புல்லும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து போர்வை மாதிரி அப்பிக்கும். சூடு வெளியேறலைன்னா எண்ணெய் தண்ணி மாதிரி இளகி உள்ளே கசியும். பிரஷ், காத்து போதும். பிரஷர் வாஷரை ஆயில் சீல் பக்கம் காட்டாதீங்க.

சரிவுத்தோட்டம்:
பைபாஸ் லீவர் முழுசா திரும்புது. பெல்ட் விளிம்புக்குச் சமமா இருக்கு, ஐட்லர் தாராளமா அசையுது. ஃபேன்ல 3 இறகு இல்லை, ஃபின் எல்லாம் அடைப்பு. புது ஃபேன் போட்டு சுத்தம் பண்ணதுல 25 நிமிஷம் 40 ஆச்சு. சூட்டுல தள்ளினா இன்னும் கொஞ்சம் சுலபமாவே உருளுது. டிரான்ஸ்ஆக்ஸில் லேபிள்ல மாடல் கே46னு இருக்கு.

ஸ்பேனர்செட்:
அப்போ எண்ணெய் மாத்திப் பாருங்க. கே46ல பெரும்பாலும் வடிக்கற பிளக் கிடையாது. பெல்ட், லிங்கேஜ், பிரேக் கம்பி, சக்கரம் எல்லாம் கழட்டி, யூனிட்டை இறக்கிக் கவுத்துதான் வடிக்கணும். ஒரு நாள் வேலை. சுமார் 2 லிட்டர் வரும். வடிஞ்சதை அளந்து வைங்க. ரெண்டு விரல் நடுவுல எண்ணெயைத் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளித்தூள் மாதிரி மின்னினா உள்ளே பம்ப், மோட்டார் பரப்பு தேய்ஞ்சிருக்கு. பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு.

10டபிள்யூ-30 எண்ணெய் இடத்துல 5டபிள்யூ-50 சிந்தெடிக் ஊத்தலாம் (கடைசி எண் சூட்டுல இருக்கற கெட்டித்தன்மை). சூட்டுல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கெட்டியா நிக்கும், அதனால கசிவு குறையும். தேய்மானத்தை அது சரிபண்ணாது. தூள் நிறைய இருந்தா ஒண்ணு ரெண்டு சீசன் தள்ளலாம், அவ்வளவுதான்.

யூனிட்டை மாட்டினதும் எண்ணெய்க்குள்ள சிக்கின காத்தை எடுக்காம ஓட்டாதீங்க. பின்சக்கரம் ரெண்டும் தரையை விட்டுத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. பைபாஸ் திறந்து, இன்ஜினை மெதுவா ஓடவிட்டு, பெடலை முன்னே 5 வினாடி, பின்னே 5 வினாடி, அப்படி ஆறேழு தடவை. நிறுத்தி, பைபாஸ் மூடி, மறுபடி அதே. ஊளைச் சத்தம் அடங்கி, சக்கரம் முன்னேயும் பின்னேயும் தடங்கல் இல்லாம சுத்தணும். எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும், திரும்ப நிரப்புங்க.

நாலாவதுகியர்:
ஒண்ணு சொல்லணும். ஹைட்ரோ மேட்டுல கைவிட்டா அது வண்டியைப் பிடிச்சும் வைக்காது, பின்னாடி உருளும். சரியாகற வரைக்கும் அந்தச் சரிவுல ஏறாதீங்க. ஏறி நின்னுட்டா பிரேக்கை மிதிச்சு, பிளேடை நிறுத்தி, நேரா கீழே இறங்குங்க; குறுக்கே திருப்பாதீங்க. பல மேனுவல்ல சரிவு வரம்பு 15 டிகிரின்னுதான் இருக்கு. உங்க சரிவை ஃபோன்ல லெவல் ஆப் வச்சு அளந்து பாருங்க. அதைத் தாண்டினா, இதைவிடப் பெரிய டிரான்ஸ்ஆக்ஸில் உள்ள வண்டி வந்தாலும் அந்த இடத்துக்கு ரைடிங் மோவர் ஒத்துவராது.