கொடுத்த காசு வீண்போகாத பொருள்: அம்மாவின் காது மிஷினும் இன்னும் சிலவும்

கடையம் பக்கத்திலிருந்து:

வாங்கினதில் எது காசுக்கு ஏற்ற பொருள் என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2022 ஐப்பசியில் அம்மாவுக்கு வாங்கிய காது மிஷின். இரண்டு காதுக்கும் சேர்த்து 46,000 ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் செல்போன், டேப், கரண்டு குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் என்று என்னென்னவோ வாங்கியிருக்கிறேன். ஃபேன் மாற்றியதில் கரண்டு பில் குறைந்தது உண்மைதான். ஆனாலும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேச எதுவும் இல்லை.

அம்மா முப்பத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். எங்கள் தெருவில் அது தனியாகச் செய்கிற வேலை இல்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கை பாட்டுக்கு இலையை வெட்டும், தூளை வைக்கும், சுருட்டும், நூலைக் கட்டும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை ஓடும். அறுபதைத் தாண்டிய பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போவதை நிறுத்தினாள். கேட்டால் வெயில் என்பாள், முட்டுவலி என்பாள். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து சுற்றினாள். நாங்களும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அங்கே மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதை எத்தனை நாள் ஒருத்தி செய்ய முடியும்? இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. "ஆச்சி, ஆச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சேலையைப் பிடித்து இழுப்பாள். நான் பேசினால் அம்மா பதில் சொல்வாள், பிள்ளை பேசினால் விழிப்பாள். அதனால் காதில் ஒன்றுமில்லை, கவனம்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது தெரியாமல் பருப்பு கருகி வீடு முழுக்கப் புகை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் செய்தது தப்பு. இணையத்தில் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிவிடுகிற கருவி அது. தட்டு கீழே விழுந்தால் அம்மா காதைப் பொத்தினாள். பேச்சு அப்போதும் விளங்கவில்லை. நாலே நாளில் பீரோவுக்குள் போய்விட்டது.

அப்புறம்தான் முறையாகப் போனோம். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர் குறும்பியை எடுத்துவிட்டு, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கேள்திறன் சோதனைக்குப் பாளையங்கோட்டைக்கு எழுதிக் கொடுத்தார். சத்தம் புகாத சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, மெல்லிய சத்தம் கேட்டாலும் அழுத்தச் சொன்னார்கள். அதற்கு முன்னால் சோதனை செய்கிற சின்னப் பெண் என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "சத்தம்லாம் கேக்கும்மா. என்ன சொல்லுதாவன்னுதான் வெளங்க மாட்டேங்கு." அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதுதாம்மா உங்க பிரச்சினையே" என்றார்.

சோதனைத் தாளைக் காட்டி விளக்கினார். 500 ஹெர்ட்ஸ் என்கிற கீழ்ச்சுருதியில், 30 டெசிபல் என்கிற மெல்லிய சத்தத்துக்கே அம்மா பட்டனை அழுத்தியிருக்கிறாள். 4,000 ஹெர்ட்ஸ் என்கிற மேல்சுருதிக்குப் போகும்போது 70 டெசிபல் அளவுக்குச் சத்தமாக வைத்தால்தான் கை அசைந்திருக்கிறது. வயசாகும்போது பெரும்பாலும் மேல்சுருதிதான் முதலில் போகுமாம். ஆ, ஈ, ஓ போன்ற உயிரோசைகள் கீழ்ச்சுருதியில் பலமாக இருப்பதால் ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். ச, த மாதிரி மெய்யெழுத்துகளின் ஓசை மெலிது, மேலே இருக்கிறது. அது விழாவிட்டால் கடை, சடை, தடை, படை நாலும் ஒரே சொல்தான். என் கட்டைக்குரல் கேட்டதும், பிள்ளையின் கீச்சுக்குரல் கேட்காததும் அதனால்தான். குக்கர் விசிலும் அப்படித்தான். நல்ல காது மிஷின் எந்தச் சுருதியில் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குக் கூட்டும். கம்ப்யூட்டரில் இணைத்து ஆளுக்கு ஆள் தனித்தனியாக அமைக்கிறார்கள். காசு அதற்குத்தான்.

மாட்டியதும் துள்ளிக் குதிக்கவெல்லாம் இல்லை. தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். பஸ்ஸில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு தட்டை எடுத்து உட்கார்ந்தாள். இலையை வெட்டத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு இலையை எடுத்து, மெதுவாக, ஓரத்தோடு ஒரு வெட்டு. மறுபடி ஒரு வெட்டு. "எய்யா, இதுக்கு இம்புட்டுச் சத்தமா?" காய்ந்த இலையில் கத்தரி ஓடுகிற அந்தச் சரக் சரக் மேல்சுருதிச் சத்தம்தானே. முப்பத்தைந்து வருஷம் தன் கையிலேயே இருந்த சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் அடுக்களைக்குள் போய் நின்றுவிட்டேன்.

பழக மூன்று வாரம் ஆனது. முதலில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் வீட்டுக்குள். பாத்திரச் சத்தம் எரிச்சல் என்று இரண்டு தடவை போய் அமைப்பை மாற்றிக்கொண்டு வந்தோம். மூளை மறந்துபோன சத்தங்களை மறுபடி பழகிக்கொள்ள நாள் எடுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் அவசரப்பட்டுக் கழற்றி வைக்கவில்லை. தை மாதம் திண்ணைக்குப் போனாள். சித்திரையில் கோயில் கொடைக்கு, நையாண்டி மேளம் அடிக்கும்போது மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வில்லுப்பாட்டு தொடங்கியதும் மாட்டிக்கொண்டாள். மறுநாள் பேத்திக்கு அம்மன் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பேட்டரி 13-ம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரை உரித்ததும் மாட்டிவிடக் கூடாது. அது காற்றை எடுத்து வேலை செய்கிற துத்தநாக பேட்டரி, ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டு மாட்டினால் கூடுதலாக உழைக்கும். எங்களுக்கு ஒன்று பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், விழுங்கினால் ஆபத்து. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் உருண்டை போட்ட டப்பாவில் வைக்கிறோம். நம் ஊர் வியர்வைக்கு அது இல்லாமல் சரிவராது. காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கம்பெனியைவிட, ஒரே நாளில் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடமா என்று பாருங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். கையில் காசில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கு அமைந்தது வயலுக்கு வாங்கிய பொருள். கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவுகிற மொபைல் ஸ்டார்ட்டர், 5,200 ரூபாய்.

ஆற்றுப்பாசனக்காரர்களுக்கு இந்தப் பாடு தெரியாது. அவர்களுக்கு பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாயில் வந்துவிடும். எங்களுக்குக் கிணறுதான். மூன்று பேஸ் கரண்டு எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட வேண்டும். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி ஒன்றரை மணிக்கு டார்ச்சும் கம்புமாக வரப்பில் நடந்திருக்கிறேன். பம்புசெட் அறைக் கதவைத் திறந்தால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே விரியன் சுருண்டு கிடந்ததும் உண்டு.

மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் போட்டு, இருக்கிற ஸ்டார்ட்டரோடு இணைத்துவிடுகிறார்கள். கரண்டு வந்தால் போனுக்குத் தகவல் வரும். நாம் கூப்பிட்டால் ஒரு குரல் பேசும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், வேறொன்றை அழுத்தினால் நிற்கும். அதைவிடப் பெரிய உபகாரம், ஒரு பேஸ் போனாலோ கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ தானாக நிறுத்திவிடும். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் மோட்டார் இழுக்கிற கரண்டு குறையும், அதை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது. இதற்கு முன் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை மோட்டார் புகைந்து காயில் கட்டினேன். மாட்டி நாலு வருஷமாகிறது, ஒரு தடவைகூடக் கட்டவில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடாதீர்கள், நான் மறந்து ஒரு தண்ணீர் தவறியது. சிக்னல் நன்றாகக் கிடைக்கிற கம்பெனி சிம்மாகப் பார்த்துப் போடுங்கள்.

என் வீட்டுக்காரி இதை வாங்கும்போது வேண்டாம் என்றாள். இப்போது அவள்தான் ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மோட்டார் போடுகிறாள், நான் தூங்குகிறேன்.

ஏரலிலிருந்து:

என்னுடையது 900 ரூபாய் ரேடியோ. இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி தண்ணீர் வாசலுக்கு வந்தது, மாடிக்கு ஏறிவிட்டோம். கரண்டு போனது, அப்புறம் டவரும் போனது. பவர்பேங்க் நிறைய சார்ஜோடு இருந்தது. ஆனால் சிக்னலே இல்லாத போனுக்கு சார்ஜ் ஏற்றி டார்ச்சாகத்தான் பயன்படுத்த முடிந்தது.

ரேடியோவை அப்பாதான் பிடிவாதமாக வைத்திருந்தார். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு ராத்திரியில் வெகுதூரத்திலிருந்தும் எட்டும். இரைச்சலுக்கு நடுவே தமிழ்ச் செய்தி கிடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் மாடியில் உட்கார்ந்து அதில்தான் தெரிந்துகொண்டோம். பக்கத்து மாடிகளுக்குச் சத்தம் போட்டுச் சொன்னோம். நம் வீட்டில் மட்டும் வந்த தண்ணீர் இல்லை, இது எங்கும்தான், வெளியே ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அந்த ராத்திரிக்கு ஒரு பலம். இப்போதும் மாதம் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கிறேன். உள்ளேயே கிடந்தால் கசிந்து ரேடியோ கெட்டுவிடும்.

மேலப்பாளையத்திலிருந்து:

கடையம் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. எங்கள் வாப்பாவுக்கும் இதே நிலைமைதான். மிஷின் என்றாலே கோபம் வருகிறது. "நான் என்ன செவிடா" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

கடையம்:

தம்பி, அம்மாவும் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவளுக்கும். கூட்டிக்கொண்டு போய் சோதனை மட்டும் செய்யுங்கள், வாங்குவதைப் பற்றி அன்றைக்குப் பேசவே வேண்டாம். தாளில் கோடு கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்ததும் அம்மா பாதி இறங்கிவந்தாள். நிறைய இடங்களில் போட்டுப் பார்க்கக் கொடுக்கிறார்கள். அந்த நேரம் பேரன் பேத்தி யாரையாவது பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில்தானே பாளையங்கோட்டை. பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் நின்று கையாலேயே அவ்வளவு கதை பேசுவார்கள், ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், திரும்பி வரும்போதுதான் "சரி, வாங்கிரு" என்றாள்.

உங்கள் கேள்வியை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த வாப்பாவ ஒரு நா இங்கன கூட்டியாரச் சொல்லுய்யா, நான் பேசிப் பாக்கேன்" என்கிறாள். மதியத்துக்கு மேல் என்றால் திண்ணையில்தான் இருப்பாள்.