ஜாதிக்காய் மரத்தின் லத்தீன் பெயரில் 'ஃப்ராக்ரன்ஸ்' ஏன் 'ஆ' என்று முடியவில்லை?

ரோஸ்ஹில்வாசி:
வணக்கம். மொரிஷியஸில் நம் பாம்ப்லமூஸ் தாவரத் தோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போகிறேன், செடிகளின் லத்தீன் பெயர்களுக்குத் தமிழில் பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். துலுக்கச் செவ்வந்தி டாகெட்டஸ் எரெக்டா, பெண்பால், சரி. ஜாதிக்காய் மிரிஸ்டிகா ஃப்ராக்ரன்ஸ். மிரிஸ்டிகாவும் பெண்பால்தானே? 'மணமுள்ள' என்று எழுதினால் போதுமா?

இலக்கணப்பிரியன்:
ஃப்ராக்ரன்ஸ் நிகழ்கால எச்சம், 'மணக்கின்ற'. அதற்கு எழுவாய் ஒருமையில் மூன்று பாலுக்கும் ஒரே வடிவம். ஆண்பாலில் ஆஸ்மாந்தஸ் ஃப்ராக்ரன்ஸ், இரண்டும் அல்லாத பாலில் எபிடெண்ட்ரம் ஃப்ராக்ரன்ஸ். நம் பெயரெச்சமும் அப்படித்தான், 'வருகின்ற' என்பது பையனுக்கும் பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஒன்றே. ஆனால் நம்முடையது வேற்றுமை ஏற்காது, லத்தீனில் ஏற்கும், அங்கேதான் ஒளிந்திருந்த 'ட்' வெளியே வரும். ஜாதிக்காய் எண்ணெய்க்கு ஐரோப்பிய மருந்து நூலில் மிரிஸ்டிகே ஃப்ராக்ராண்டிஸ் ஈத்தரோலியம் என்று பெயர், அதாவது 'மணக்கின்ற மிரிஸ்டிகாவின் எண்ணெய்'. பள்ளியில் பிரெஞ்சு படித்த நம் பிள்ளைகளுக்கு இது எளிது, 'பாடுகின்ற' என்பதற்கு 'ஷாந்தான்' என்று சொன்னாலும் எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' போடுகிறார்களே, அதே 'ட்'தான்.

எரெக்டா வேறு வகை, இறந்தகால எச்சம். எரெக்டஸ், எரெக்டா, எரெக்டும் என்று பாலுக்கேற்ப மாறும். பொருளும் செயப்பாட்டுவினை: 'நிமிர்த்தப்பட்ட'. தமிழில் 'நிமிர்ந்த' என்பதே அழகு, அப்படியே எழுதுங்கள்.

மோக்காக்காரி:
'மணமுள்ள' வேண்டாம் என்பது என் கருத்தும். அது ஒரு குணத்தைச் சொல்லி நின்றுவிடும். எச்சத்தில் செயல் நடந்துகொண்டே இருக்கிறது, பிள்ளைகள் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் அவர்களுக்கே புரியும். அன்றைய பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் முயற்சியால் 1770-இல் இந்தத் தீவுக்கு வந்த மரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்வாசி:
மிக்க நன்றி, 'மணக்கின்ற' என்றே எழுதிவிடுகிறேன். அப்புறம் இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறவை டோடோ? ராஃபஸ் குக்குலாட்டஸ் என்பதும் எச்சமா?

இலக்கணப்பிரியன்:
வடிவம் எச்சத்துடையது, அடி வினைச்சொல் இல்லை. முக்காட்டுக்கு 'குக்குல்லஸ்' என்று பெயர், அதிலிருந்து நேராக 'முக்காடிட்ட'. உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வைத்த அடைமொழி. அவர் அதைத் தீக்கோழியோடு ஸ்ட்ருதியோ என்ற இனத்தில் சேர்த்திருந்தார், இனப்பெயர் பிறகு ராஃபஸ் என்று மாறியது, இரண்டும் ஆண்பால் என்பதால் '-அஸ்' அப்படியே நின்றது.