புதுப்பிப்பு: கனடா விசா, 19ஆவது மாதம்

14 மாதங்களாக கணவர் என்னைக் கனடாவுக்கு அழைக்கப் போட்ட ஸ்பொன்சர் கோப்பு அசையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கணவர் டொரொண்டோவில், நான் திருகோணமலையில். பலர் விசாரித்தீர்கள், நன்றி.

விசா இன்னும் வரவில்லை. ஆனால் ஏன் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பதிவைப் பார்த்து ஒரு அக்கா சொன்னபடி, கணவர் 5 டொலர் கட்டி, கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கோப்பிலுள்ள அதிகாரிகளின் குறிப்புகளைக் கேட்டு எடுத்தார். பார்த்தால், விசாவுக்காக நான் செய்த மெடிக்கல் பரிசோதனை காலாவதியாகியிருக்கிறது! அது 12 மாதங்களுக்குத்தான் செல்லும். எங்கள் முகவர் இதைச் சொல்லவேயில்லை, "பொறுங்கோ" என்று மட்டும்தான் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மறுபடி செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததும் இரவு ரயிலில் கொழும்பு போய் முடித்துவிட்டேன்.

முன்பு நாள் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது மாலை ஐந்தரைக்கு டச்சு பே கடற்கரையில் உட்கார்ந்து கணவரோடு கதைக்கிறேன். அங்கே காலை எட்டு மணி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பார். அந்த அரை மணித்தியாலத்தில் விசாக் கதை எடுப்பதில்லை.

அடுத்த மாதம் குறிப்புகளை மறுபடி கேட்கப்போகிறோம். வந்ததும் எழுதுகிறேன்.