'ஹலோ'வுக்கு ஓடி வரும் பாட், 'பூனை'க்கு ஊமை. அவசர உதவி!

தூக்கம்கெட்டவன்:
நண்பர்கள் குழுவுக்கு ஒரு கலாட்டா பாட் (தானாகப் பதில் அனுப்பும் நிரல்) எழுதினேன். சில சொற்களைப் பார்த்தால் தானாகக் கிண்டலடிக்கும். ஆங்கிலத்தில் ஹலோ அடித்தால் பதில் வருகிறது. 'பூனை' என்றால் மியாவ் வர வேண்டும், வரவில்லை. எரரும் இல்லை. நாளைக்குள் ஓடியாக வேண்டும்.

கீரி:
எந்த ஆப்? எதில் எழுதினீர்கள்? கோடு எங்கே?

மழைக்குருவி:
டெலிகிராம் என்றால் சந்தேகமே இல்லை, பிரைவசி மோட். குழுவில் சாதாரணப் பேச்சு பாட்டின் காதில் விழாது. பாட்களை நிர்வகிக்க டெலிகிராமே வைத்திருக்கும் பாட்ஃபாதரில் அதை அணைத்துவிட்டு, பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்துவிடுங்கள். எனக்கு இதில் இரண்டு நாள் போனது.

கீரி:
அப்படியானால் ஹலோவும் விழுந்திருக்காதே?

மழைக்குருவி:
அதைத் தனி சாட்டில் சோதித்திருப்பார்.

மூத்தகுடி:
கோடு போடாமல் கேட்பது ஜோசியம். 1966-இல் வைசன்பாம் தன் பழைய உரையாடல் நிரலான எலைசாவைப் பற்றி எழுதியபோதே சொற்களுக்கு முன்னுரிமை எண் இருந்தது. இங்கே நாலு இஃப் நிபந்தனை அடுக்கிவிட்டு பாட் என்கிறார்கள்.

சும்மாஒருவன்:
இந்தக் காலத்தில் சொல் தேடும் பாட்டா? ஏஐயிடம் விட்டுவிடலாமே.

கீரி:
மியாவ் சொல்வதற்கா?

சும்மாஒருவன்:
கிண்டல் வேண்டாம். எழுத்துப்பிழையோடு வந்தாலும் அது புரிந்துகொள்ளும்.

மூத்தகுடி:
புரிந்துகொள்வதாவது! அந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

தூக்கம்கெட்டவன்:
மன்னிக்கவும். பைதான், டெலிகிராம். பாட் குழுவில் அட்மின், அதனால் பேச்செல்லாம் அதன் காதில் விழும். 'மணி'க்கு வைத்த பதில் 'கண்மணி'க்கும் வந்ததால், ரீஜெக்ஸில் (சொல் தேடும் குறிமொழி) சொல்லின் இரு பக்கமும் பின்சாய்கோடு பி, அதாவது சொல் எல்லைக் குறி, போட்டேன்.

கீரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரீஜெக்ஸை இயக்கும் பைதானின் ரீ மாட்யூல் தமிழ் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. 'பூனை' ஐகாரக் குறியில் முடிகிறது, அடுத்தது இடைவெளி. எழுத்தும் எழுத்தல்லாததும் சந்திக்கும் இடம்தான் எல்லை; இங்கே இரண்டுமே அதற்கு எழுத்தல்ல, நடுவில் எல்லை எங்கிருந்து வரும்? 'மரம்' வைத்தாலும் புள்ளியால் சிக்காது, 'ஓட' சிக்கும். செய்தியை இடைவெளியில் உடைத்து, நிறுத்தற்குறிகளை உரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மழைக்குருவி:
'பூனைக்கு', 'பூனையை' வந்தால்?

கீரி:
சொல்லின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். 'மணிக்கட்டு'க்கும் உளறும், விளையாட்டு பாட்தானே.

மூத்தகுடி:
நான் சொல்லவந்ததும் இதுதான்.

தூக்கம்கெட்டவன்:
மியாவ் வந்துவிட்டது!! 'கொசு' மட்டும் ஒரு நண்பன் அடித்தால் சிக்கவில்லை. அப்புறம் பார்க்கிறேன், நன்றி.

கீரி:
அவர் விசைப்பலகை ஒகரத்தை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாக அனுப்புகிறதோ என்னவோ. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வந்த சொல், நீங்கள் வைத்த சொல் இரண்டையும் என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். சரியாகிவிட்டதா?

கீரி:
ஹலோ?